அந்த அம்மாவுக்காக எழுதறேன்

அன்புள்ள பிரபுவுக்கு,

காட்பாடி பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்தைப் பத்தி, சிநேகிதனோட அம்மாவுக்குன்னு விசாரிச்சே. எந்த சிநேகிதன்னு நான் கேட்டதும் சிக்னல் போயிடுச்சு. அதுக்கப்புறம் உன் போனே இல்லை. போகட்டும். வார்டுல வேலை பார்த்தவகிட்ட கேட்டிருக்கே, தெரிஞ்சதைச் சொல்லிடறேன்.

முதல்ல ராத்திரியைப் பாக்கச் சொல்லு. பகல்ல எல்லா இடமும் பளிச்சுன்னுதான் இருக்கும். பத்து மணிக்கு மேல யார் முழிச்சிருக்காங்க, ஒரு ஆள் எத்தனை பேரைப் பாக்கணும், அவங்க படிச்ச நர்ஸா இல்லை பெருக்கித் துடைக்கிற ஆயாவையே நைட்டுக்கும் நிறுத்தறாங்களா, இதெல்லாம் கேக்கணும். பாத்ரூமுக்கு எழுந்து போற வழியிலதான் நிறைய பேர் விழறாங்க. கட்டில்ல உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசாப் படியணும். கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் சின்ன விளக்கு எரியணும்.

பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாத் திறக்குதான்னு பாரு. உள்பக்கம் திறந்தா, விழுந்தவங்க உடம்பே கதவை அடைச்சுக்கும், உடைச்சுத்தான் போகணும். கமோடு 17லேர்ந்து 19 அங்குல உயரம் இருந்தா முழங்கால் வலிக்காரங்க எழுந்துக்கலாம். கைப்பிடியை முழு பலத்தோட இழுத்துப் பாக்கணும். டவல் கம்பியைக் காட்டி கைப்பிடின்னு சொல்ற இடமெல்லாம் உண்டு, அது ஆள் எடையைத் தாங்காது. ஆளைக் கூப்பிடற மணிக்கயிறு தரை வரைக்கும் தொங்கணும், தரையில கிடக்கிறவங்க கைக்கு எட்டலைன்னா அது இருந்து என்ன பிரயோஜனம்?

மருந்து சார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாரு. மாத்திரை கொடுத்த கையோட நேரம் போட்டுக் கையெழுத்து வெச்சிருக்கணும். காலையிலேயே ராத்திரி கட்டம் வரைக்கும் கையெழுத்து இருந்தா எழுந்து வந்துடு. அந்த அம்மாவுக்கும் சர்க்கரைதானே? ரெகுலர்னு சொல்ற சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும். ஊசியைப் போட்டுட்டு, கேஸ் தீர்ந்துபோச்சு, டிபன் லேட்டுன்னு சொன்னா சர்க்கரை இறங்கிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். 70க்குக் கீழ போனா ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடியும் விரல்ல குத்திச் சர்க்கரை பாக்கணும். நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தக் கூடாது. இதை மேனேஜர்கிட்ட கேக்காதே, ராத்திரி ட்யூட்டி பொண்ணுகிட்ட கேளு.

படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், ராத்திரியும்தான். இடுப்புக்குக் கீழயும் குதிகால்லயும் சிவந்த இடத்தை விரலால அழுத்தினா வெளுக்கணும். வெளுக்கலைன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு. ஏர் பெட் போட்டுட்டோம்னு திருப்பாம விடறவங்க இருக்காங்க. உனக்கு இதைச் சொல்லணுமா? அப்பாவைத் திருப்பிப் படுக்க வெச்சதே நீதான். எந்தப் பிள்ளை செய்வான்? அப்படிப்பட்டவன் இப்ப மாசத்துக்கு ஒரு போன் போட யோசிக்கிறே.

சித்திரை வைகாசியில நம்ம ஊர் வெயிலுக்கு கரண்ட் போனா ஃபேன் ஜெனரேட்டர்ல ஓடுமா? வயசானவங்களுக்குத் தாகம் தெரியாது. கேட்டாத்தான் தண்ணின்னு இருந்தா ரெண்டு நாள்ல மூத்திரத்துல எரிச்சல், அப்புறம் குழப்பமான பேச்சு. சாப்பாடு எப்படி இருந்தாலும் பழகிக்கலாம்.

பணத்துல டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணை ஆள் எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற நாளுக்கும் வாடகை உண்டா, டெபாசிட் எத்தனை நாள்ல திரும்பும், படுக்கையில விழுந்துட்டா வெச்சுக்குவாங்களா கூட்டிட்டுப் போகச் சொல்வாங்களா, மூணையும் எழுத்துல வாங்கு. 14567 முதியோர் உதவி எண், எல்லார் கண்ணுக்கும் படற மாதிரி ஒட்டியிருக்கணும். மறுபடியும் சொல்றேன், ராத்திரி ஆள் எத்தனைன்னும் அதே பேப்பர்ல எழுதச் சொல்லு.

அந்த அம்மாவுக்குச் சொந்த வீடு இருந்தா உடனே வித்துட வேணாம். மூணு மாசமாவது பூட்டி வெக்கட்டும். பிடிக்கலைன்னா திரும்பி வர ஒரு இடம் வேணுமில்ல. முதல்ல அவங்களைக் கேட்டாங்களா? கையெழுத்து அவங்களும் போடணும், அதுவும் தமிழ்ல படிச்சுப் பாத்துட்டு.

முழங்கால் அப்படியேதான் இருக்கு. இலவம்பாடி கத்திரிக்காய் வந்திருக்கு, வந்தா செஞ்சு தரேன். பிள்ளைகளைக் கேட்டதா சொல்லு.

அந்த இல்லத்துக்குப் பகல்ல போகாதே. நீ வர்ற அன்னிக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல போகலாம், நானும் வரேன். மணியை நான் இழுக்கறேன், நீ கடிகாரத்தைப் பாரு.

அம்மா