அடுத்த நாடகத்துக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். அடுத்த நாடகத்துக்கு இன்னும் கதைகூட முடிவாகவில்லை. அதற்குள் யாருக்கு முக்கிய வேடம் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்பிவிட்டது. போன நாடகத்தில் திரைக்குப் பின்னால் உங்களோடு ஓடியாடிய உரிமையில் ஒன்று கேட்கிறேன். இந்த முறை மேடையின் பின்பக்கத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். மண்டபத்துச் சாவி, சாப்பாடு, கார். நமக்கு இது போதும்.

இந்நாட்டில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். அதிலிருந்து விலக்குக் கேட்டு அமைச்சுக்கு எழுதி, பாரம் நிரப்பி, நாமே பாடம் நடத்துகிறோம். தீபாவளிக்கு வரும் உறவுக்காரர்கள் ‘பிள்ளைக்கு நாலு பேரோட பழகத் தெரியுமா?’ என்று கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. கோபப்படுவதை விட்டுக் கொஞ்சம் யோசிக்கலாம். பழகுவதில் நம் பிள்ளைகளுக்குக் குறை இல்லை. ஆனால் காலையில் எழுப்புவதும் நாம், பாடம் சொல்வதும் நாம், திருத்துவதும் நாம். எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒரு அம்மாவோ அப்பாவோ நிற்கிறோம். மேடைக்குப் பின்னால் விளக்கை அணைத்த பிறகு அப்படி நிற்க முடியாது. நான் நாடகத்தை விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான்.

போன நாடகம் ரப்பர்த் தோட்டத்துக் கதை என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர்ப் பால் சுமக்கும் காண்டா வாளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, மண்ணெண்ணெய் விளக்கு என்று சாமான்கள் ஏராளம். ஒத்திகை முழுக்க ‘வாளி எங்கே, வாளி எங்கே’ என்று பெரியவர்கள் கத்திக்கொண்டே இருந்தோம். வாய் திறந்து பேசாத ஒரு பையன் ஒரு நாள் நீள மேசை ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினான். ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து, உள்ளே பெயர் எழுதினான். கோட்டுக்குள் பொருள் இல்லை என்றால் அது இன்னும் மேடையில் இருக்கிறது, அல்லது யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய நாடகக் குழுக்களில் இது வழக்கமான ஏற்பாடுதான், ஆனால் இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு அங்கிள் தே தாரிக் கிளாஸை விளக்குக்கான கோட்டுக்குள் வைத்தபோது, ‘அங்கிள், அது விளக்கோட இடம்’ என்றான். நான் அவன் குரலைக் கேட்டதே அன்றைக்குத்தான்.

வேடச் சண்டைக்கு வருகிறேன். ‘என் மகளுக்கு ஒரே ஒரு வசனம்தானா?’ என்று கேட்டவர்கள் பெரட்டுக் காட்சியை (வேலைக்கு முன் தோட்டத் தொழிலாளர்களைக் கணக்கெடுப்பது) நினைத்துப் பாருங்கள். விடியாத இருட்டில் வரிசை, கங்காணி பெயர் கூப்பிட வேண்டும். மூன்றாவது பெயரோடு கங்காணிக்கு எல்லாம் மறந்துபோனது. சபை முழுக்க அமைதி. வரிசைக் கடைசியில் நின்ற சின்னப் பெண் ‘கங்காணியாரே, என் பேரை விட்டுட்டீங்களே, கூலியை வெட்டிடுவாங்களே!’ என்றாள். அது வசனத்தில் இல்லை. கொட்டகை சிரித்ததில் கங்காணிக்கும் நினைவு வந்துவிட்டது. எல்லார் வசனத்தையும் கேட்டுக்கொண்டே நின்ற பிள்ளைக்குத்தான் அது வாயில் வரும். பெரிய வேடக்காரர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள் (உங்கள் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன், என் பிள்ளையும் அதில் சேர்த்தி).

அப்புறம் வசனத்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று இந்த முறையும் சிலர் சொல்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுகிற மொழியாகவே நின்றுவிடுகிறது. இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், பள்ளி வழியாக இல்லாமல் தனித் தேர்வராகத் தமிழ் எழுதலாம் என்று திட்டம் போடுகிறோம், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வசனம் மறந்தால் நண்பர்கள் முன்னால் மானம் போகும் என்ற பயத்தில் அதே பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து படித்தார்கள். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி ஒருவர் உச்சரிப்பைத் திருத்தியதோடு விடவில்லை. ‘பெரட்டுக்கு யாருடா இவ்வளவு வெள்ளைச் சப்பாத்து போட்டுட்டு வந்தா?’ என்று உடுப்பையும் திருத்தினார். சப்பாத்துக்கு மண் பூசும் வேலை மூன்று பேருக்குக் கிடைத்தது.

பணக் கணக்கைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். உரிம வேலையை மட்டும் இப்போதே தொடங்க வேண்டும். கோலாலம்பூரில் பொதுமக்கள் முன் நாடகம் போட 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டப்படி மாநகர் மன்றத்திடம் உரிமம் எடுக்க வேண்டும். பாரம் நிரப்பிக் கடிதம் எழுதுவதைப் பதினாறு வயதுக்காரர்களிடம் கொடுங்கள், கையெழுத்தை மட்டும் நாம் போடுவோம். மலாயில் அதிகாரபூர்வக் கடிதம் எழுதக் கற்றுத்தர இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

விளக்கு, திரை, சாமான் மேசை, மேடைக் குறிப்பேடு எல்லாவற்றுக்கும் பிள்ளைகளே பெயர் கொடுக்கட்டும். நம்மில் தைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வேன் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். மற்றவர்களுக்குச் சபையில் நாற்காலி இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு பெற்றோர்