ஏசி128 கேட்டேன், பிசி558 வந்தது

அனுப்புநர்: ரேடியோ மெக்கானிக், பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய ரேடியோவுக்கான ஜெர்மானியம் பாகங்களுக்குப் பதிலாகச் சொல்லாமலே சிலிக்கான் பாகங்கள் அனுப்பியது.

ஐயா,

வணக்கம். பழைய ரேடியோக்களைப் பழுது பார்ப்பது என் தொழில். போன மாதம் உங்களிடம் ஒலியைப் பெருக்கும் ஏசி128 டிரான்சிஸ்டர் ஒரு ஜோடியும், அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் ஓஏ79 டயோடு இரண்டும் கேட்டு 640 ரூபாய் கட்டினேன். எல்லாம் ஜெர்மானியம். பார்சலைப் பிரித்தால், கவர் மேல் ஏசி128 என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் பிசி558. டயோடு 1என்4148. இரண்டுமே சிலிக்கான். போன் போட்டுக் கேட்டதற்கு, "எல்லாம் பிஎன்பி தானே சார், மாட்டிக்குங்க" என்றார் உங்கள் ஊழியர். பிஎன்பி என்பது டிரான்சிஸ்டரின் ஒரு வகை, அவ்வளவுதான்.

சரி, மாட்டிப் பார்த்துவிட்டே பேசுவோம் என்று கால் வரிசையைச் சரிபார்த்துப் பற்றவைத்தேன். ஜெர்மானியம் சுமார் 0.2 வோல்ட்டில் வேலை செய்யத் தொடங்கிவிடும். சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். பழைய சர்க்யூட் தரும் பயாஸ், அதாவது டிரான்சிஸ்டரைத் தயாராக வைத்திருக்கும் சிறு மின்னழுத்தம், அதற்குப் போதாது. அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்தால் பேச்சு கரகரவென்று உடைகிறது. கூட்டி வைத்தேன், கொஞ்ச நேரத்தில் ஒன்று கை வைக்க முடியாத சூடு, அப்புறம் ஊமை. ஏசி128 ஒரு ஆம்பியர் தாங்கும். பிசி558-க்கு 100 மில்லி ஆம்பியர்தான் எல்லை. டயோடுக்கும் அதே 0.6 வோல்ட் கதைதான்: பக்கத்து நிலையம் கேட்கிறது, அலை பலவீனமான தூரத்து நிலையம் காணவே காணோம்.

அந்த ரேடியோ ஒரு பெரியவருடையது. வள்ளத்தில் கூடவே கொண்டுபோய் நடுக்கடலில் இலங்கை வானொலி கேட்ட பெட்டி. பேட்டரி முனைகளில் உப்புக்காற்றால் ஏறியிருந்த பச்சைக் களிம்பை பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்கவே எனக்கு இரண்டு நாளாயிற்று. தூரத்து நிலையம் கேட்காத ரேடியோவை அவர் கையில் எப்படிக் கொடுப்பேன்?

மாற்றுப் பாகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏசி128 கிடைக்காவிட்டால் ஏசி188 போடுவேன். அதுவும் இல்லையென்றால் பிடி140 போட்டு, பயாஸ் ரெசிஸ்டரை மாற்றிவிடுவேன். ஓஏ79-க்கு, குறைந்த வோல்ட்டிலேயே வேலை செய்யும் பிஏடி46 ஷாட்கி டயோடு. ஆனால் ரேடியோவின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். எதை எதற்குப் பதிலாகப் போடுவது என்பதை சர்க்யூட்டைக் கையில் வைத்திருப்பவன் முடிவு செய்ய வேண்டும். பொட்டலம் கட்டுகிறவர் அல்ல.

என் 640 ரூபாயையும் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் தாருங்கள். இருப்பு இல்லையென்றால் அனுப்புவதற்கு முன் கேளுங்கள். உள்ளே இருக்கும் நம்பரையே கவரில் ஒட்டுங்கள். எரிந்த டிரான்சிஸ்டரையும் சேர்த்து நான்கு பாகங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அதற்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக், பாம்பன்