ஆங்கில இலக்கணத்துக்குத் தமிழ் இலக்கணமே துணை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கில இலக்கணத்தை எப்படிக் கற்பிப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகளே வாதிடுகின்றன. விதிகளை மனப்பாடம் செய்யாமல் மொழி வராது என்பது ஒன்று. இலக்கணமே வேண்டாம், ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்கினால் தானாக வந்துவிடும் என்பது மற்றொன்று. திருவாரூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். நம் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் கைமுதலை இரு கட்சியினருமே கண்டுகொள்வதில்லை என்பது என் வருத்தம். தமிழ் வகுப்பில் அவர்கள் படிக்கும் இலக்கணத்தையே கைமுதல் என்கிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐ எஸ்டர்டே மன்னார்குடி வென்ட்" என்று எழுதி வந்தாள். சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருந்தால் அடுத்த வாரமும் அப்படியே எழுதியிருப்பாள். "நான் நேற்று மன்னார்குடிக்குப் போனேன்" என்று கரும்பலகையில் எழுதி, 'மன்னார்குடிக்கு' என்பதில் உள்ள 'கு' உருபை வட்டமிட்டு, உன் வாக்கியத்தில் இது எங்கே என்று கேட்டேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "விட்டுட்டேன் சார்" என்றாள். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உருபு, ஆங்கிலத்தில் 'டு' என்ற தனிச்சொல்லாகிப் பெயருக்கு முன்னால் நிற்கிறது என்பதையும், கடைசியில் வரும் வினை அங்கே எழுவாயை அடுத்து வந்துவிடுகிறது என்பதையும் அன்று அவளே கண்டுகொண்டாள். பிறகு 'வித்', 'ஃப்ரம்', 'இன்' ஆகியவற்றுக்கு நேரான உருபுகளைக் கேட்காமலே சொன்னாள். எட்டு வேற்றுமையையும் தமிழாசிரியரிடம் படித்தவள்தானே!

தாய்மொழி வழிகாட்டுவது போலவே சில இடங்களில் வழிதவறவும் வைக்கும். "நேத்து கும்பகோணம் போயிருந்தேன்" என்பது நம் அன்றாடப் பேச்சு. அதை அப்படியே பெயர்த்து, "ஐ ஹேட் கான் டு கும்பகோணம் எஸ்டர்டே" என்று பட்டதாரிகளும் எழுதுகிறார்கள். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை ஒப்பித்தவர்களுக்கும் இந்தப் பிழை தெரிவதில்லை. நாம் சொல்லும் 'போயிருந்தேன்' வேறு, ஒரு செயலுக்கு முன்பே மற்றொன்று முடிந்ததைக் காட்டும் ஆங்கில வடிவம் வேறு என்று யாராவது ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

செயப்பாட்டுவினையிலும் இதே கதைதான். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி 'பை' சேர்க்கும் வித்தையைத் தேர்வுக்காகப் பழகும் மாணவனுக்கு, அந்த வாக்கியம் எதற்கு என்பது தெரியாமலே போகிறது. "மேட்டூர் அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டது" என்ற செய்தி வழக்கமாக ஜூன் 12-ஐ ஒட்டி வரும். குறுவைக்கு நாற்றங்கால் போடக் காத்திருப்பவருக்குத் தண்ணீர் வந்ததா என்பதே கேள்வி. மதகைத் தூக்கியவர் யார் என்பதல்ல. செய்தவரை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லத்தான் அந்த வடிவம் இருக்கிறது என்று இந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டு விளக்கியபோது, கடைசி வரிசைப் பையன்களும் ஆங்கிலத்தில் சொந்தமாக வாக்கியம் எழுதினார்கள்.

புதிய முறைகளை நான் மறுக்கவில்லை. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு பெங்களூருவிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் இலக்கணத்தைத் தனியே நடத்தாமல், வரைபடம், ரயில் கால அட்டவணை போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளை யோசித்து விடை சொல்லவைத்தார். பொருளில் மனம் ஊன்றினால் இலக்கணம் உள்ளே தானாகப் படியும் என்பது அவர் கருத்து. மன்னார்குடிப் பேருந்துகளின் நேரப் பட்டியலை வைத்து நானும் செய்து பார்த்தேன். வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். ஆனால் "தி பஸ் லீவ் அட் எயிட்" என்றாலும் பொருள் விளங்கிவிடுவதால், விடுபட்ட 'எஸ்' கடைசிவரை வரவேயில்லை. தமிழில் 'அவன் வருகிறேன்' என்று எந்தப் பிள்ளையும் எழுதாது. எழுவாய்க்கு ஏற்ப வினைமுடிவு மாறும் என்பதை அந்தப் பழக்கத்திலிருந்தே நினைவூட்டிய பிறகுதான் அது வந்தது.

இப்படிக் கற்பித்ததற்காக, ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்று ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் மாணவர் முன்னிலையிலேயே என்னைக் கண்டித்ததுண்டு. பாடவேளை முழுவதும் தமிழிலேயே பேசி, ஆங்கிலம் காதில் விழாமல் செய்வதை நானும் ஏற்கமாட்டேன். நான் கேட்பது ஐந்து நிமிட ஒப்பீடு மட்டுமே.

ஆங்கிலப் பாடநூலின் ஒவ்வொரு இலக்கணப் பகுதியிலும் அதற்கு நேரான தமிழ் இலக்கணத்தை, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்ற குறிப்போடு, தமிழிலேயே அரைப் பக்கம் சேர்க்க வேண்டும். ஒரே பள்ளியில் 'வந்த பையன்' போன்ற பெயரெச்சத்தை நடத்தும் தமிழாசிரியரும் அதே வேலையை ஆங்கிலத்தில் செய்யும் 'ஹூ', 'விச்' நடத்தும் ஆங்கில ஆசிரியரும் பருவத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசப் பாடவேளை ஒதுக்க வேண்டும். வினாத்தாளிலும் தனி வாக்கியங்களை மாற்றி எழுதச் சொல்வதைக் குறைத்து, ஒரு சிறு செய்தியைச் சொந்தமாக எழுதச் சொல்லலாம். அடுத்த முறை பாடநூலைத் திருத்தும்போது பள்ளிக் கல்வித் துறை இவற்றைக் கருத வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்,
நீடாமங்கலம்.