நூறாண்டுப் போர்: மகுடத்துக்கு முன்பே மூண்ட தகராறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் கிரெசி களத்து வர்ணனை அருமை. ஆனால், ‘மூன்றாம் எட்வர்ட் பிரெஞ்சு அரியணைக்கு ஆசைப்பட்டார், போர் மூண்டது’ என்று காரணத்தை ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை.

1328இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசின்றி இறந்தார். அவர் தங்கை இசபெல்லாவின் மகன்தான் இங்கிலாந்து மன்னர் எட்வர்ட். தங்கை மகனைவிடப் பங்காளியே மேல் என்று பிரெஞ்சுப் பிரபுக்கள் சித்தப்பா மகன் ஆறாம் பிலிப்புக்கு முடிசூட்டினார்கள். மறு ஆண்டே எட்வர்ட் அமியான் தேவாலயத்துக்குப் போய், தென்மேற்கு பிரான்ஸில் தன் வசமிருந்த காஸ்கனிக்காக அதே பிலிப்புக்குப் பணிந்து உறுதிமொழி கொடுத்தார். அரியணைக்காகவே வாளை உருவியவர் செய்கிற காரியமா இது?

சிக்கல் காஸ்கனியில் இருந்தது. 1259 பாரிஸ் ஒப்பந்தப்படி, இங்கிலாந்து மன்னர் அந்தப் பகுதியை பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்ட பிரபுவாகத்தான் ஆள முடியும். சொந்த நாட்டில் அரசர், காஸ்கனியின் தலைநகரான போர்தோவில் இன்னொருவருக்கு அடங்கியவர்! இங்கிலாந்து மன்னரின் தீர்ப்பு பிடிக்காத காஸ்கனிக்காரர்கள் பாரிஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வார்கள். பிரெஞ்சு மன்னர்கள் 1294இலும் 1324இலும் அந்நிலத்தைப் பறிமுதல் செய்தார்கள். 1337இல் பிலிப்பும் அதையே செய்தபோதுதான் போர் தொடங்கியது.

‘பிரான்ஸ் மன்னர்’ என்ற பட்டத்தை எட்வர்ட் ஏற்றது 1340இல், இன்றைய பெல்ஜியத்தில், ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள கென்ட் (Ghent) நகரில். பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்ட ஃபிளாண்டர்ஸ் நகரத்தார் எட்வர்டுடன் சேர ஒரு சட்டச் சாக்கு தேவைப்பட்டது. அவரே பிரெஞ்சு மன்னர் என்றால் அது துரோகம் ஆகாதே! அவர்களுடைய தறிகளுக்கு ஆங்கிலேயக் கம்பளி வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1360 பிரெட்டினி உடன்படிக்கையில், காஸ்கனியை உள்ளடக்கிய அக்விட்டேனை யாருக்கும் பணியாமல் ஆளலாம் என்றதும் அரியணை உரிமையை விட்டுத்தர எட்வர்ட் சம்மதித்தார். (இரு தரப்பும் கடைசிவரை முறைப்படி எதையும் துறக்கவில்லை என்பது வேறு கதை.) மகுடம் அவருக்குப் பேரப் பொருள்தான். உண்மையிலேயே அதைக் குறிவைத்தவர், 1420இல் டிரோயா உடன்படிக்கையில் பிரெஞ்சு அரியணைக்கு வாரிசுரிமை பெற்ற இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி.

அடுத்த பகுதியில் போர்தோ மக்களைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும். 1451இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தது. அடுத்த ஆண்டு தளபதி டால்பட் தலைமையில் ஆங்கிலேயப் படை வந்ததும் அவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். ஒயின் வாங்குகிற லண்டன், வரி கேட்கிற பாரிஸைவிட அவர்களுக்கு நெருக்கமாகத் தெரிந்திருக்கிறது.

– ஒரு வாசகர், திருநெல்வேலி