நியூ ஆர்லியன்ஸ் வானொலியைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்னையில் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் உங்கள் ஊரில் காலை ஜாஸ் ஓடிக்கொண்டிருக்கும். நேயர்களின் நன்கொடையில் ஓடும் உங்கள் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இஸட். (WWOZ) வானொலியை இணையத்தில் கேட்கும் வெளியூர் நேயன் நான். நன்கொடை நாட்களில் கொடுத்தவர்களுக்கு நிலையம் நன்றி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சும்மா கேட்டுக்கொண்டிருந்தவன் சார்பிலும் ஒரு நன்றி வந்து சேரட்டும்.

முதலில் 2005-ஆம் ஆண்டுக்காரர்களுக்கு. ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கி, வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, ஊரின் பெரும்பகுதி தண்ணீரில் கிடந்தது. ஊரின் புகழ்பெற்ற பாடகர் ஃபேட்ஸ் டோமினோவையே படகில் வந்துதான் மீட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் பூங்காவிலிருந்த நிலையத்துக்கு யாரும் போக முடியவில்லை. அப்போது நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலி தன் சர்வரில் இடம் கொடுத்தது. அதுவும் விளம்பரம் வாங்காமல் நேயர்கள் காசில் ஓடுகிற நிலையம்தான். கொடுத்துச் சிவக்க அதனிடம் பெரிய கஜானா ஒன்றும் கிடையாது. ‘புலம்பெயர்ந்த’ நிலையமாகப் பழைய பதிவுகள் இணையத்தில் ஓடின. அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்கள் யாரோ, அவர்களுக்கு என் தனி வணக்கம். நான் கேட்க ஆரம்பித்தது பிற்பாடுதான். ஆனால் அன்று இழை அறுந்திருந்தால் எனக்குக் கேட்க எதுவும் மிஞ்சியிருக்காது.

பிறகு மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் லூசியானா பொது ஒலிபரப்பு நிறுவனம் இடம் தந்தது. டிசம்பரில் நிலையம் ஊர் திரும்பி பிரெஞ்சு மார்க்கெட்டில் குடியேறியது.

அடுத்து, சம்பளம் வாங்காமல் நிகழ்ச்சி நடத்தும் தொண்டர்களுக்கு. இன்றைக்கு எந்த கிளப்பில் யார் வாசிக்கிறார்கள் என்று ஒன்றுவிட்டு ஒரு மணிக்கு ‘லைவ்வயர்’ பட்டியல் வாசிக்கிறீர்களே, கடல் தாண்டி இருக்கும் எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் பாட்டைவிட அதையே அதிகம் ரசிக்கிறேன். ஊரிலுள்ள டிரம்பெட்காரருக்கு அன்றிரவு நாலு பேர் கூடுதலாக வர வேண்டும் என்கிற அக்கறை அதில் இருக்கிறது. டிசம்பர் சீசனில் வித்வானின் தலைக்கு மேலேயே விளம்பரத் தட்டி தொங்கப் பார்த்துப் பழகியவன் நான்; உங்கள் ஏற்பாடு எனக்கு இன்னும் வியப்புதான்.

கடைசியாக, 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் உங்களைப் போன்ற நிலையங்களுக்கு உதவும் பொது ஒலிபரப்பு நிதியில் 110 கோடி டாலரை ரத்து செய்தபோது, புலம்பிவிட்டு நிற்காமல் சந்தாவைக் கூட்டிக் கட்டிய எல்லோருக்கும். அரசாங்கத்தை நானும் திட்டினேன். ஆனால் திட்டினால் மின்கட்டணம் கட்ட முடியாதே.

மாதச் சந்தாவில் இப்போது நானும் சேர்ந்திருக்கிறேன். சின்னத் தொகைதான், டாலராக மாறும்போது இன்னும் இளைத்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஒரு சென்னை நேயர்