அடாப்டரின் முதுகைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்க நினைத்து அனுப்பின பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபையர்) படத்தைப் பார்த்தேன். உள்ளங்கை அகலப் பெட்டி, முகப்பில் ‘300 + 300 வாட்’. உள்ளே இருக்கிற டிபிஏ3255 நல்ல சிப்தான். ஆனால் அந்த 300 என்பது 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு, ஐம்பது வோல்ட் கொடுத்து, ஒலி பத்து சதவீதம் சிதையும்வரை முறுக்கி எடுத்த கணக்கு. அப்படி யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

கூட வருகிற அடாப்டரின் முதுகைப் படி. 24 வோல்ட், 5 ஆம்பியர் என்று போட்டிருந்தால் மொத்தமே 120 வாட். அதிலிருந்து அறுநூறு எப்படி வரும்? இந்த வகை டி கிளாஸ் (மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டுச் செலுத்தி ஒலியைப் பெருக்குகிற) ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்கு சுலபம்: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி 16ஆல் வகு. 24க்கு 36 வாட், 36க்கு 81, 48க்கு 144. இது உச்சவரம்பு, கைக்கு வருவது இன்னும் கொஞ்சம் குறையும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் கரண்ட் இரண்டு மடங்கு இழுக்கும், அடாப்டர் அதைத் தாங்கணும்.

உன் ஸ்பீக்கர் 87 டெசிபெல், 8 ஓம் என்றாய். அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 87 டெசிபெல் சத்தம் கேட்கும். நீ உட்காருகிற மூன்று மீட்டரில் அறைக்குள் ஆறேழு குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் மூன்று கூடும். ஆக ஒரே வாட்டில் 83 கிடைத்துவிடுகிறது. நிதானமாகக் கேட்கிற சத்தம் 75தான், அதற்குக் கால் வாட்கூட வேண்டாம். டிரம்ஸில் ஓர் அடி விழுந்து சட்டென்று 95க்கு ஏறினால் 16 வாட். ஐம்பது வாட் இருந்தால் தாராளம். அதை நூறாக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். அந்தக் காசை நல்ல அடாப்டருக்குப் போடு. வாட் பத்தாத ஆம்பை முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்படும், முதலில் கருகுவது ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்.

பவர் ஆம்ப் பலவற்றில் வால்யூம் திருகு இருக்காது. முன்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீ ஆம்ப் இருக்கணும், இல்லை வால்யூம் உள்ள டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றுகிற பெட்டி). நேராக சிடி ப்ளேயரைச் செருகினால் முழுச் சத்தமும் ஒரேயடியாக வெடிக்கும்.

பழைய ஏபி கிளாஸ் (விட்டு விட்டு இல்லாமல் தொடர்ச்சியாகப் பெருக்குகிற) ஆம்ப் கிடைத்தால் அதுவும் நல்லதே. ஸ்பீக்கரை மாட்டுமுன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு சேனலின் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே அள. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் தொடாதே, ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள் எரிந்துவிடும். உள்ளே கண்டென்சரின் (மின்தேக்கியின்) தலை உப்பியிருந்தாலும் வேண்டாம். மேடைக்கு வருகிற பெரிய ஆம்ப் மலிவாய்த் தோன்றும். விசிறி இரைச்சல் வீட்டில் தாங்காது.

உன் படத்தில் உள்ள வகை டி கிளாஸில் ஒரு விஷயம்: கறுப்பு முனையை கிரவுண்டோடு சேர்த்து அளந்தால் அடாப்டர் வோல்ட்டில் பாதி காட்டும். பயப்படாதே, அதன் அமைப்பே அப்படி. அதனாலேயே இடது கறுப்பையும் வலது கறுப்பையும் ஒருபோதும் இணைக்கக்கூடாது. ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம் போதும். முனையை முறுக்கிச் செருகு; ஒரு பிசிறு பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்.

வாங்குமுன் அடாப்டரின் முதுகையும் படமெடுத்து அனுப்பு. ஆம்பியர் எண் தெளிவாகத் தெரியணும்.

அன்புடன்,
அப்பா