புதைக்கும் முன் படிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயம் வட்டாரத்தில் 33 ஆண்டுகள் அரசு கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கரையில் ஒதுங்கும் கடல் விலங்குகளைப் பற்றி மேட்டாங்காட்டுக்காரன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தங்கள் வாசகர்கள் எண்ணக்கூடும். இறந்த விலங்கின் உடலைத் திறந்து அது எதனால் இறந்தது என்று எழுதி வைப்பதே என் தொழிலில் பாதியாக இருந்தது என்பதால், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு திருச்செந்தூருக்குச் சென்றிருந்தபோது, ஊருக்குச் சற்றுத் தள்ளிய கடற்கரையில் அதிகாலையில் ஓர் ஓங்கில் ஒதுங்கிக் கிடந்ததைக் கண்டேன். டால்பினை அந்தப் பக்கத்து மீனவர்கள் ஓங்கில் என்கிறார்கள். ஏறத்தாழ ஓர் ஆள் நீளம். வாலின் அடியில், இரு பக்கமும் துடுப்பாக விரியும் இடத்துக்குச் சற்று முன்னால், நூலால் இறுக்கியது போன்ற வரி வரியான தடம் சுற்றிலும் பதிந்திருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "வலையில பட்ட தடம் சார் அது" என்றார். ஒன்றரை மணி நேரத்துக்குள் பொக்லைன் வந்தது, குழி தோண்டப்பட்டது, உடல் உள்ளே தள்ளப்பட்டது. நீளம் அளந்தீர்களா, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டீர்களா என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். "போட்டோ எடுத்தாச்சு சார், நாத்தம் வர்றதுக்குள்ள மூடச் சொல்லியிருக்காங்க" என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை; அவருக்கு இடப்பட்ட வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த விலங்கு சொல்ல வந்த செய்தி முழுவதும் மணலுக்குள் போய்விட்டது என்ற வேதனை எனக்கு இன்றும் ஆறவில்லை.

உடலைத் திறந்து பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள், ஒரு காலத்தில் செத்த மாடு கிடக்கும் இடமெல்லாம் வந்து இறங்கியவை. நாடு முழுவதும் அவை கூட்டம் கூட்டமாக அழிந்தபோது, தொற்றுநோயா, பூச்சிக்கொல்லியா என்று பல ஆண்டுகள் குழப்பம் நீடித்தது. பாகிஸ்தானில் இறந்து விழுந்த கழுகுகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது, சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன, திசுக்களில் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி இருந்தது. அந்த மருந்து செலுத்தப்பட்ட கால்நடை இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற கழுகுகள் மாண்டன என்ற உண்மை 2004இல் வெளியானது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்திய அரசு தடை செய்தது. அந்த ஊசியை என் கையாலேயே எத்தனையோ மாடுகளுக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கழுகுகளை யாரும் திறந்து பார்க்காமல் புதைத்திருந்தால், நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு நான் அதைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

கடலிலும் இதே கதைதான் நடக்கிறது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்ததைக் கொண்டு, அவை இழுவை மடி என்னும் விசைப்படகு வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்தவை என்று அதிகாரிகள் கூறினர். ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு; மேலே வந்து மூச்சு வாங்காமல் நெடுநேரம் மடிக்குள் கிடந்தால் அது மூழ்கித்தான் சாகும். உடலைப் படித்ததால்தான் பேச்சு மடியைப் பற்றியும், ஆமை மட்டும் வெளியேற வழிவிடும் விலக்குக் கருவியைப் பற்றியும் திரும்பியது. அந்தக் கருவியை நம் கடலுக்கு ஏற்ற வடிவில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. வாங்குபவரின் நிபந்தனை என்றால் என்னவென்று திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கருவி பொருத்தாத மடியில் பிடித்த கடல் இறாலை அமெரிக்கா வாங்க மறுப்பதும் அப்படிப்பட்ட நிபந்தனைதான். கருவியின் விலையையும், அதனால் குறையும் மீன்பாட்டையும் மீனவர் தலையில் மட்டும் சுமத்தாமல் அரசு பங்கேற்றால் இது நடக்கும் என்றே நம்புகிறேன்.

2016 ஜனவரியில் மணப்பாடு முதல் திருச்செந்தூர் வரையிலான கரையில் 80க்கும் மேற்பட்ட குறுந்துடுப்புத் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர்கள் இரவெல்லாம் கழுத்தளவு நீரில் நின்று தள்ளினார்கள், படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்றார்கள். விட்டவற்றில் பல மறுபடியும் கரைக்கே திரும்பின. 45 இறந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. ஒன்று நோயுற்றுக் கரைநோக்கி வந்தால் மற்றவை பின்தொடரும் என்கிறார்கள். ஏன் வந்தன என்பதற்கு உறுதியான விடை இன்றுவரை இல்லை. ஆனால் 1973 ஜனவரியில் அதே தூத்துக்குடிக் கடலோரத்தில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதை அக்காலத்து ஆய்வாளர்கள் எண்ணி, எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு குறிப்பு இருந்ததால்தான், அதே இனம், அதே கடல், அதே மாதம் என்று நம்மால் ஒப்பிட்டுக் கேள்வி கேட்க முடிகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் குறிப்பில்லாமல் மூடப்பட்ட குழிகள் எத்தனையோ.

அதே 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஓர்கா என்னும் கொலைகாரத் திமிங்கிலம் ஒன்றேயொன்று இறந்து ஒதுங்கியது. மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்தது என்பது வெளியே தெரிந்த காரணம். திறந்து ஆராய்ந்தபோது, குறைந்தது 20 வயதான அந்தப் பெண் விலங்கு ஒருமுறைகூடச் சினைப்பட்டதாகத் தெரியவில்லை. அதன் கொழுப்பில் மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பிசிபி என்னும் நச்சு, ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் இருந்தது. கேடு விளைவிக்கும் என்று கருதப்படும் அளவைப்போல் நூறு மடங்கு அது. பிரிட்டனில் தடை செய்யப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன, தரையிலிருந்து போன நச்சு. இதைக் கண்டுபிடிக்க அந்த நாட்டுக்கு வாய்த்த வசதி, 1913 முதல் கரையொதுங்கும் திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் விடாமல் பதிவேடு வைத்திருப்பதுதான்.

தரையிலிருந்து போவது என்று எழுதும்போது எனக்கு நொய்யல் நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து, சாயக்கழிவைச் சுமந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, உழவர்களின் கிணறுகளைக் கெடுத்த ஆறு அது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை நாம் அதை ஊர்ப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தோம். நொய்யல் காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடல் சேர்கிறது. நம் ஆறுகள் கொண்டுபோன எது, எந்த அளவில், எந்த விலங்கின் கொழுப்பில் தங்கியிருக்கிறது என்பதை அந்த உடல்கள்தாம் சொல்ல முடியும். மாட்டின் வயிற்றை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு விவசாயியின் பசு அசைபோடாமல் நாள்கணக்கில் நின்றது. இரைப்பையைத் திறந்து கையை விட்டபோது, பிளாஸ்டிக் பைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஈரத் தாம்புக்கயிறு போல வந்தன, இழுக்க இழுக்க முடியவில்லை. 2018இல் இந்தோனேசியாவில் ஒதுங்கிய எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் 115 குவளைகள் உட்பட ஏறத்தாழ 6 கிலோ பிளாஸ்டிக் இருந்தது என்று படித்தபோது, அந்த விவசாயியின் கட்டுத்தரையில்தான் நான் நின்றேன்.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திமிங்கிலத்தின் தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பு உடற்சூட்டை வெளியே விடாது; அதனால் வெளித்தோற்றம் நன்றாக இருக்கும்போதே உள்ளுறுப்புகள் அழுகத் தொடங்கிவிடும். இந்த விலங்குகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், வனத்துறை அனுமதியின்றி மருத்துவர் கத்தி வைக்க முடியாது. அனுமதி வருவதற்குள் பாதிச் செய்தி போய்விடுகிறது. வருகிற மருத்துவரும் என்னைப் போல ஆடு, மாடு, கோழிக்குப் பயின்றவர். கண்ணபுரம் சந்தையில் காளையின் பல்லைப் பார்த்து வயது சொல்பவருக்கு, ஓங்கிலின் பல்லை நெடுக்காக அறுத்து அதன் வளர்ச்சி அடுக்குகளை எண்ணினால் வயது தெரியும் என்பதைக் கற்றுக்கொள்வது கடினமாக இராது; கற்றுத் தருவார்தான் வேண்டும். கரையொதுங்கும் கடற்பெருவிலங்குகளுக்கான வழிகாட்டு நெறிமுறையை மத்திய அரசு 2021இலேயே வெளியிட்டுவிட்டது. கடற்கரை மாவட்டத்துக் கால்நடை மருத்துவமனைகளில் அளவு நாடாவும், மாதிரி எடுக்கும் குப்பிகளும், முன்கூட்டியே பெற்ற அனுமதியும் இருந்தால் அந்த நெறிமுறைக்கு உயிர் வரும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களையும் ஆண்டுக்குச் சில வாரங்கள் மன்னார் வளைகுடாவுக்கு அனுப்பலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டறிந்ததை வெளியே வைக்க வேண்டும். எந்த நாளில், எந்தக் கரையில், எந்த இனம், என்ன நீளம், எதனால் இறந்தது என்ற பதிவேட்டை யாரும் பார்க்கும்படி மாநில அரசு ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். வலையில் பட்டு இறந்ததைச் சொன்னால் வழக்கு வரும் என்ற அச்சத்தில் மீனவர்கள் வாய் திறப்பதில்லை. தெரியாமல் சிக்கியதைத் தாமே முன்வந்து தெரிவிப்பவர்களைத் தண்டிப்பதில்லை என்ற உறுதியையும் அரசு தர வேண்டும். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்த தமிழ்நாட்டுக்கு இது இயலாத செயல் இல்லை.

பிணப்பரிசோதனைக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்களின் பட்டியல் ஒன்றை வனத்துறை தயாரிக்குமானால், முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம். கை இன்னும் நடுங்கவில்லை. தகவல் வந்தால் என் சொந்தச் செலவில் இரவுப் பேருந்து ஏறி, விடிவதற்குள் தூத்துக்குடியில் இருப்பேன். உடலை அதுவரை மூடாமல் நிழலில் வைத்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
காங்கயம்.